மாளிகை இல்லாத சோழன்மாளிகை

[காட்சி: கும்பகோணம் பஸ் நிலையம், காலை]

பட்டீஸ்வரம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். ரேஷன் பையை மடியில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கண்டக்டரிடம் காசை நீட்டி, "மாளிகை ஒண்ணு" என்பார். அவர் அரண்மனைக்குப் போகவில்லை. அவர் ஊருக்கே சோழன்மாளிகை என்றுதான் பெயர்.

[காட்சி: வயல், வாழைக்கொல்லை]

இறங்கினால் வயல் இருக்கும், வாழை இருக்கும். மாளிகைதான் இருக்காது. பிறகு இந்தப் பெயர் எப்படி வந்தது?

பக்கத்தில் பழையாறை. இன்றைக்குச் சின்ன ஊர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சோழ அரச குடும்பம் குடியிருந்த நகரம். பல்லவர் காலத்தில் நந்திபுரம் என்றார்கள். 1014 முதல் 1044 வரை ஆண்ட ராஜேந்திர சோழன் காலத்தில் முடிகொண்ட சோழபுரம் ஆனது. முடிகொண்ட சோழன் என்பது அவருடைய பட்டப்பெயர். கல்வெட்டில் அவ்வளவு கம்பீரம்! ஆனால் ஜனங்கள் வாயில் நின்றது பழையாறைதான். ராஜா பட்டம் இப்போது இந்தப் பக்கம் ஓடும் முடிகொண்டான் ஆற்றோடு சரி.

[காட்சி: ஊர்ப் பெயர்ப் பலகைகள், ஒன்றன்பின் ஒன்றாக]

அப்புறம் இந்த நாலு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். பழையாறையைச் சுற்றி இருந்த படைவீடுகள் இவை. படைவீடு என்றால் போர்வீரர்கள் தங்கும் பாசறை. படை கலைந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் அங்கே கல்யாணப் பத்திரிகையில் முகவரி எழுதினால் படை வந்துவிடுகிறது.

கொஞ்ச தூரத்தில் தாராசுரம். சின்ன வயசில் ஏதோ அசுரன் ஊர் என்றே நினைத்திருந்தேன். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் ஐராவதேசுவரர் கோயில் எடுத்த ஊர் அது. அப்போது அதன் பெயர் ராஜராஜபுரம். அதை வேகமாகப் பத்து தடவை சொல்லுங்கள். நாக்கு வழுக்கி ராராசுரத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து தாராசுரம் ஒரு எட்டுதான்.

பட்டீஸ்வரத்தை ஒட்டி இன்னொன்று. முதலாம் ராஜராஜனின் தேவி பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில். பள்ளிப்படை என்றால் இறந்தவர் நினைவாக எடுப்பது. பெற்ற தாய் அல்ல, சிற்றன்னை. அவருக்காக ஒரு கோயில். ஊரில் போய் பஞ்சவன்மாதேவீச்சரம் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். ராமநாதன் கோயில் என்று கேளுங்கள், சின்னப் பையன்கூட வழி காட்டுவான்.

[காட்சி: மீண்டும் சோழன்மாளிகை]

சரி, மாளிகை எங்கே போயிற்று? சோழர்கள் சாமிக்குக் கல்லில் கட்டினார்கள், தாங்கள் குடியிருக்கச் செங்கல்லும் மரமும் போதும் என்று விட்டார்கள். மரம் மக்கிவிடும். செங்கல்லை ஆளுக்கு நாலாக எடுத்துப் போய்விடலாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்திலும் இதே கதைதான்; கோயில் நிமிர்ந்து நிற்கிறது, அரண்மனை மண்ணுக்குள். அங்கே தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்களின் அடித்தளம் வெளிப்பட்டது. தோண்டிய அந்த மேட்டை ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா?

மாளிகைமேடு.