கடல் ஏறினால் இறங்கும் என்றுதான் சொன்னார்கள்

வணக்கம் மக்களே, சத்தம் கேட்கிறதா? திருகோணமலை டச் பே கடற்கரையில் இருக்கிறேன், இன்றைக்குக் காற்று கொஞ்சம் பலம். போனைக் கவிழ்த்து வைத்த வள்ளத்தில் சாத்தி வைத்திருக்கிறேன், விழுந்தால் மன்னிக்கவும். கையில் கச்சான் சரை. பின்னால் ஒரு மான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, நம்மூர் மான்களின் குணம் உங்களுக்குத் தெரியும்தானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: 2007 இல் ஈராக்குக்கு மேலதிக ஆமி அனுப்பியபோது அமெரிக்காவில் அவ்வளவு பேர் எதிர்த்தார்களாமே அண்ணா, பிறகு எப்படிப் போனது என்று. நல்ல கேள்வி.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2006 நவம்பரில் தேர்தல். போர் பிடிக்காமல் மக்கள் ஜனாதிபதி புஷ்ஷின் குடியரசுக் கட்சியைக் கவிழ்த்து இரண்டு சபைகளையும் ஜனநாயகக் கட்சியிடம் கொடுத்தார்கள். பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்பெல்ட் பதவி விலகினார். படையைக் குறைக்கப் போகிறார்கள் என்று நினைத்தால், 2007 ஜனவரி 10 இரவு புஷ் தொலைக்காட்சியில் வந்து இன்னும் 20,000 பேருக்கு மேல் அனுப்புகிறேன் என்றார். அதற்கு வைத்த பெயர் 'சேர்ஜ்'.

இந்தச் சொல்லை எனக்கு விளக்கியது இந்தக் கடல்தான். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் ஏறும், வள்ளங்களை மேலே இழுத்துவிடுவார்கள், பிறகு அது தானாக இறங்கிவிடும். சேர்ஜ் என்றால் அதுதான், வந்துவிட்டுப் போய்விடும், பயப்படாதீர்கள் என்று ஒரே சொல்லுக்குள் சொல்லிவிட்டார்கள். எதிர்த்தவர்கள் அதைத் தொடவே இல்லை, 'எஸ்கலேஷன்' என்றார்கள், அதாவது போரைப் பெரிதாக்குவது, வியட்நாம் காலத்துச் சொல், அமெரிக்கர்களுக்கு வயிற்றைக் கலக்கும். புஷ் பேசிய மறுநாள் செனட் குழுவின் முன்னால் வெளியுறவுச் செயலர் கொண்டலீசா ரைஸ் வந்து எஸ்கலேஷன் இல்லை, 'ஓக்மென்டேஷன்', அதாவது பலம் சேர்ப்பது, என்று மூன்றாவதாக ஒன்றை எடுத்துவிட்டார். அதே அறையில் புஷ்ஷின் சொந்தக் கட்சிக்காரரான செனட்டர் சக் ஹேகல், வியட்நாமுக்குப் பிறகு இந்த நாடு செய்யும் மிக ஆபத்தான வெளிநாட்டுக் கொள்கைத் தவறு இது என்றார்.

அப்போது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, "அங்கே ஆமி கூடினால் டிவியில் வந்து சொல்கிறான்" என்றார். எங்களுக்கு யார் சொன்னார்கள்? அதே ஜனவரியில் இங்கே மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையில் புலிகளோடு சண்டை நடந்து 19 ஆம் திகதி நம் நாட்டு ஆமி அதைப் பிடித்தது. டவுனுக்குள் ஆள் கூடினதை நான் டியூஷனுக்குப் போகும் சந்தியில் எண்ணித்தான் தெரிந்துகொண்டேன். சென்றியில், அதாவது காவலரணில், இரண்டு பேர் நின்ற இடத்தில் நாலு பேர், மண்மூட்டையில் இன்னொரு வரிசை, சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்லும் தூரம் இன்னும் பத்து அடி நீளம். அதற்கு சேர்ஜும் இல்லை, ஓக்மென்டேஷனும் இல்லை. அப்படியே இருந்தது.

அப்புறம் பெப்ரவரி 16. கீழ்ச்சபை வாக்கெடுப்பில் 246 பேர் இந்தப் படை அதிகரிப்பு வேண்டாம் என்றார்கள், 182 பேர் எதிர்ப்பக்கம். புஷ் கட்சியிலேயே 17 பேர் மாறி நின்றார்கள். கேட்க நல்லாக இருக்கிறது, ஆனால் அது கட்டுப்படுத்தாத தீர்மானம், வாயால் வேண்டாம் என்று சொல்வது மட்டும்தான். மறுநாள் செனட்டில் விவாதத்துக்கு எடுக்க 60 வாக்குத் தேவை, 56 தான் வந்தது. அதற்குள் மேலதிகப் படையின் முதல் பிரிகேட் பாக்தாத்தில் போய் இறங்கியும்விட்டது. தம்பி, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்: எதிர்த்தார்கள், காசை நிறுத்தவில்லை. காசோடு வெளியேறும் திகதியையும் சேர்த்துக் கட்டி ஒரு சட்டம் அனுப்பினார்கள், மே 1 ஆம் திகதி புஷ் அதை ரத்துச் செய்து திருப்பி அனுப்பினார், காங்கிரசில் அந்த ரத்தை மீறும் அளவுக்கு வாக்குப் பலம் இருக்கவில்லை.

ஊடகப் பக்கம் பெரிய கூத்து செப்டெம்பரில்தான். ஈராக்கில் அமெரிக்கப் படைத் தளபதியான பெட்ரேயஸ் காங்கிரசில் அறிக்கை கொடுக்க வந்த அன்று நியூயோர்க் டைம்ஸில் மூவ்ஒன் என்ற போர் எதிர்ப்பு அமைப்பு முழுப் பக்க விளம்பரம் போட்டது, அவர் பெயரை முறித்து 'பிட்ரே அஸ்', அதாவது எங்களைக் காட்டிக்கொடுப்பவர் என்று. நம் அரசியலில் துரோகி என்ற சொல்லுக்கு என்ன விலை என்று நான் சொல்லத் தேவையில்லை. அங்கே என்ன நடந்தது? அந்த விளம்பரத்தைக் கண்டித்து செனட் 72க்கு 25 என்று தீர்மானம் போட்டது. போரைப் பற்றிச் சேராத வாக்கு விளம்பரத்துக்குச் சேர்ந்துவிட்டது! பிறகு சண்டை அந்த விளம்பரத்தின் விலைக்கு வந்தது. 142,083 டொலர் வாங்க வேண்டிய இடத்தில் 64,575 டொலர்தான் வாங்கியிருந்தார்கள், பேப்பரின் சொந்த விமர்சகரே பிழை என்று எழுதினார், மிச்சக் காசைக் கட்டுகிறோம் என்று மூவ்ஒன் சொன்னது.

நான் இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நான் இருக்கிற இடத்தில் இருந்து கொஞ்சம் தள்ளித்தான் 2006 ஜனவரி 2 ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த படங்கள் சுடர் ஒளிப் பத்திரிகையில் வந்தன, சுடப்பட்ட காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24 ஆம் திகதி, காலையில், அவரைச் சுட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பேப்பர் விளம்பரக் கட்டணத்துக்குத் தலை குனிகிறது.

கொஞ்சம் பொறுங்கள், மான் கிட்ட வந்துவிட்டது. ஏய், போ. சரி.

அந்த 2007 ஆம் ஆண்டு ஈராக்கில் 900க்கு மேல் அமெரிக்கப் படையினர் இறந்தார்கள், முழுப் போரிலும் அவர்களுக்கு மோசமான ஆண்டு அதுதான். பிறகு வன்முறை குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். படை கூடினதாலா, அன்பார் மாகாணத்தில் சுன்னிப் பழங்குடிகள் அல்கைதாவுக்கு எதிராகத் திரும்பினதாலா, ஓகஸ்டில் ஷியா ஆயுதக் குழுத் தலைவர் சதர் தன் ஆட்களைச் சண்டையை நிறுத்தச் சொன்னதாலா, பாக்தாத்தில் சுன்னி, ஷியா என்று பிரித்துத் துரத்த வேண்டிய ஆட்களை ஏற்கெனவே துரத்தி முடித்துவிட்டார்கள் என்பதாலா, இன்றைக்கும் அடிபடுகிறார்கள். என் கணக்கில் நாலும் சேர்ந்துதான்.

ஆனால் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. 2007 இல் எதிர்த்த ஒபாமா, ஜனாதிபதியான பிறகு, 2009 டிசம்பரில் ஆப்கானுக்கு 30,000 பேரை அனுப்பினார். ஹிலாரி கிளின்டனும் எதிர்த்தவர்தான். அயோவா மாநிலத்தில் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில் ஒபாமாவோடு மோத வேண்டியிருந்ததால்தான் அப்படி எதிர்த்தேன் என்று பிறகு அவரே ஒபாமாவிடம் சொன்னதாக, அந்தக் கூட்டத்தில் இருந்த பாதுகாப்புச் செயலர் கேட்ஸ் 2014 இல் எழுதினார். அயோவா எங்கே, பாக்தாத் எங்கே?

அந்த சேர்ஜ் பிரிகேட்டுகள் 2008 ஜூலையோடு போய்விட்டன, கடல் இறங்கியது, அது உண்மை. ஆனால் ஈராக்கை விட்டு மிச்சப் படை வெளியேற 2011 டிசம்பர் ஆனது. நான் நாளைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போகிறேன், கோட்டை வாசலால்தான் போக வேண்டும், அங்கே ஆமி இன்னும் நிற்கிறது. ஐயோ, சரையோடு கொண்டுபோய்விட்டது! பேப்பரைத் தின்னாதே, ஏய்...