வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஓய்வுக்காலத்துக்கு எதில் பணம் போடலாம் என்று பலர் கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன்: மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்களே, அந்த பி.எஃப். பணம் இப்போது எங்கே இருக்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனியோ, அம்பத்தூர் பட்டறையோ, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையோ, வேலையை விட்ட கையோடு பி.எஃப். கிளைம் போடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் கையில் வந்த பணம் புது செல்போனாகவும் வண்டிக்கு முன்பணமாகவும் கரைவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

திரையில் பாருங்கள், இது என் தம்பியின் பாஸ்புக். எண்ணை மறைத்திருக்கிறேன். அவனுடைய அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அவனிடம் பிடிக்கிறார்கள். அது முதல் பத்தி. நிறுவனமும் 1,800 கட்டுகிறது. ஆனால் நிறுவனப் பங்கைக் காட்டும் இரண்டாவது பத்தியில் 550 தான் இருக்கிறது. மீதி 1,250 மூன்றாவது பத்திக்குப் போயிருக்கிறது. அதுதான் ஓய்வூதியப் பங்கு. பலர் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான்.

முதல் இரண்டு பத்திகளுக்கு வட்டி உண்டு, 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். இதே விகிதம் நீடித்தால், இன்று எடுக்காமல் விடும் 1 லட்சம் 25 ஆண்டுகளில் 7 லட்சத்தைத் தாண்டும். வட்டி கூடலாம், குறையலாம். ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

மூன்றாவது பத்திக்கு வட்டி கிடையாது. அங்கே கணக்கில் வருவது ஆண்டுகள். மொத்தப் பணிக்காலம் 10 ஆண்டுகள் ஆகியிருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். ஒருவர் மூன்று நிறுவனங்களில் 4, 3, 6 ஆண்டுகள் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 13. ஒவ்வொரு முறையும் பி.எஃப். கணக்கைப் புது நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால் அவருக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம். அவருக்குப் பிறகு மனைவிக்கும் பாதி வரும். ஒவ்வொரு முறையும் படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பணத்தையும் எடுத்திருந்தால், அந்த ஆண்டுகள் அத்தனையும் அழிந்து அடுத்த வேலையில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியிருப்பார். 13 ஆண்டு உழைப்புக்கு மாத ஓய்வூதியம் ஒரு ரூபாய்கூட இல்லை.

தொகை பெரிதா என்றால், இல்லை. சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு 13 ஆண்டு என்றால் மாதம் 2,785 ரூபாய். விலைவாசி ஏறினாலும் இது ஏறாது. அதனால்தான் முதல் இரண்டு பத்திகளையும் கைவைக்காமல் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வாடகைக்கும் மருந்துக்கும் அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

கணக்கை மாற்றியவர்களுக்கு ஒரு பயம் வரும். புது பாஸ்புக்கில் பழைய ஓய்வூதியப் பங்கு பூஜ்ஜியம் என்று காட்டும். பதறாதீர்கள். அந்தத் தொகை பத்திக்குப் பத்தி நகர்வதில்லை, பணிக்காலம்தான் சேர்ந்துகொள்கிறது. பணி விவரப் பக்கத்தில் பழைய நிறுவனமும் தேதிகளும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

பழைய நிறுவனம் நீங்கள் வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாவிட்டால் கணக்கு மாறாது. கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபின் அதை நீங்களே பி.எஃப். இணையதளத்தில் பதியலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை முன்னெழுத்து. ஆதாரில் 'எஸ். முருகன்' என்றும் பி.எஃப். கணக்கில் 'முருகன் சுப்பையா' என்றும் இருந்தால் கிளைம் நிராகரிக்கப்படலாம். வேலையில் இருக்கும்போதே நிறுவனத்தின் மூலம் திருத்திவிடுங்கள்; 58 வயதில் அந்த நிறுவனம் இருக்குமோ, இல்லையோ.

கல்யாணமானவர்கள் நாமினியையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த நாமினி நியமனம், கல்யாணத்துக்குப் பிறகு செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் முடியாதவர்கள் மனம் விட வேண்டாம். பி.எஃப். அலுவலகம் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற முகாமை நடத்துகிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும். ஆதார், வங்கிப் புத்தகம், பழைய சம்பளச் சீட்டுகள், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த உத்தரவு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.