நடக்க முடிந்தவர்களுக்கும் ஒரு வண்டி

நேயர்களுக்கு வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப்போவது அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு வழக்கம். டிக்கெட், ஓட்டல், புளிசாதம் எல்லாம் யோசிப்பார்கள். மொபிலிட்டி ஸ்கூட்டரை மட்டும் யோசிக்க மாட்டார்கள். உட்கார்ந்தபடியே ஓட்டுகிற பேட்டரி வண்டிதான்.

"நடக்கவே முடியாதவர்களுக்குத்தானே அது?" என்று கேட்பார்கள். இல்லைங்க. நடக்க முடியும், ஆனால் நாள் முழுக்க முடியாது என்கிறவர்களுக்கும்தான். டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. ஒரு சுற்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வாசலிலிருந்து ஏரிக்கரைக்கு வந்த நடை தனிக் கணக்கு.

என் பெரியம்மாவிடம் வண்டி என்றதும், "நான் என்ன நோயாளியா?" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். மெக்சிகோவில் உற்சாகமாக இருந்தார். நார்வேயில் பெஞ்ச் தேடினார். சீனாவில் பேச்சே நின்றுவிட்டது. ஜெர்மனி வந்ததும், "இத்தாலியை நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வாசலிலேயே வாடகைக்கு ஒன்று எடுத்தோம். கைப்பிடிக்கு நடுவே ஒரு திருகு. ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். "நான் ஆமையிலேயே போகிறேன்" என்றவர், விட்ட இத்தாலியைத் தாண்டியதும் மெல்ல முயல் பக்கம் திருப்பினார். ஜப்பானில் நாங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். பெரியப்பாவின் பையும் வண்டியின் கூடையில்தான் போயிற்று.

இதில் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். விசையை அழுத்தினால் வண்டி ஓடும், விட்டால் தானே நிற்கும். பதறினால் நம் கை இறுகப் பிடிக்கும். வண்டி இன்னும் போகும். ஆகவே பயந்தால் விடு. திரும்பச் சொல்கிறேன், பயந்தால் கையை விடு. கூட்டத்துக்குள் போவதற்குமுன் காலியான இடத்தில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருப்பவர் தலை மற்றவர்களின் மார்பளவுக்குத்தான் வரும். போனைப் பார்த்தபடி வருகிறவர் கண்ணில் பட மாட்டார். வீட்டில் ஒருவர் முன்னால் நடந்தால் நல்லது.

வண்டி இருந்தால் வரிசையைத் தாண்டலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தாண்ட முடியாது. பெரும்பாலான சவாரிகளில் எல்லாரோடும்தான் வரிசை. சிலவற்றில் ஸ்கூட்டரை விட்டுச் சக்கர நாற்காலிக்கு மாற வேண்டும். இன்னொரு பூங்காவில் விலங்குகளைப் பார்க்க அழைத்துப்போகும் கிளிமஞ்சாரோ சஃபாரி அப்படித்தான்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வாடகை வண்டி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன்; சுருக்கிவிடுகிறேன். பூங்காவில் முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவர்களுக்குத்தான். அதைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. ஓட்டலிலிருந்தே வேண்டுமென்றால் வெளி நிறுவனங்கள் கொண்டுவந்து தருகின்றன. அதைப் பூங்காப் பேருந்தில் ஏற்றலாம், சாய்தளம் இருக்கிறது. கோடையில் மதியத்துக்குமேல் மழை கொட்டும். கைப்பிடிப் பகுதியை மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.