மருத்துவப் பதிவேட்டு வேலைக்குப் புதிதாக வந்தவர் எதை முதலில் படிப்பது? ஒரு கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் படித்தது வரலாறு. ஒரு மருத்துவமனையில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. எல்லோரும் கோடிங் படி, கோடிங் படி என்கிறார்கள். ஐசிடி புத்தகத்தைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. எதிலிருந்து தொடங்குவது? கம்ப்யூட்டரே கோட் போட்டுவிடும் என்றும் சொல்கிறார்களே, இந்த வேலை நிலைக்குமா?"

முதலில் அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். கோடிங் என்பது நோய்க்கும் காயத்துக்கும் ஐசிடி என்ற சர்வதேச நோய்ப் பட்டியலிலிருந்து குறியீட்டு எண் போடுவது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டை அனுமதி வாங்கி எடுத்து, அட்மிஷன் தாளிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி வரைக்கும் தேதி, நேரம் பார்த்து வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொரு தாளிலும் இதை யார் எழுதினார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார் என்று கேட்டுக்கொண்டே போங்கள். வரலாறு படித்தவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை, ஆவணத்தை எப்படி விசாரிப்பது என்பதுதானே உங்கள் படிப்பு! ஒரே ஒரு வித்தியாசம். இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் எது சரி என்று வரலாற்று ஆசிரியர் தானே முடிவு செய்யலாம். நீங்கள் செய்யக்கூடாது. டாக்டர் குறிப்பில் வலது கை, எக்ஸ்ரே அறிக்கையில் இடது கை என்று இருந்தால், உங்களுக்கு விடை தெரிந்தது போலத் தோன்றினாலும் எழுதியவரிடம் திருப்பி அனுப்பிக் கேட்க வேண்டும். விடுபட்ட தேதி, விடுபட்ட கையெழுத்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான், "தேதிதானே, நானே போட்டுவிடுகிறேன்" என்று பேனாவை எடுத்துவிடாதீர்கள். எழுதியவரே திருத்தினாலும் ஒயிட்னர் கூடாது. பழைய எழுத்து படிக்கும்படி தெரிய, மேலே ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான விவரம், தேதி, நேரம், கையெழுத்து. கம்ப்யூட்டர் பதிவில் பழையது, புதியது இரண்டும் யார் மாற்றினார்கள் என்பதோடு உள்ளே பதிவாகிவிடும்.

ஏன் இப்படி முழுதாகப் படிக்கச் சொல்கிறேன் என்றால், கோடிங்கே அங்கேதான் இருக்கிறது. ஒருவர் மாடிப்படியில் விழுந்து முன்கை எலும்பு முறிந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'முன்கை எலும்பு முறிவு' என்று மட்டும் இருக்கும். ஐசிடியின் பத்தாம் பதிப்பான ஐசிடி-10இல் அதற்கு எஸ்52 என்ற கோட். ஆனால் காயம் எப்படி ஏற்பட்டது என்பதற்குத் தனியாக இன்னொரு கோட் உண்டு, படியில் விழுந்ததற்கு டபிள்யூ10. அந்த விவரம் சம்மரியில் இருக்காது, முதல் நாள் அவசரப் பிரிவில் கிறுக்கிய இரண்டு வரியில் இருக்கும், அல்லது நர்ஸ் எழுதிய குறிப்பில் இருக்கும். சம்மரியை மட்டும் பார்த்துக் கோட் போடுகிறவர் அதைத் தவறவிடுவார். அப்புறம் எத்தனை பேர் படியில் விழுந்தார்கள், எத்தனை பேர் வாகனத்தில் அடிபட்டார்கள் என்று யாராவது கணக்குக் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

எண்களை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி. ஐசிடி-11 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது, பல இடங்களில் இன்னும் 10தான் ஓடுகிறது, அமெரிக்காவில் அதையே நீட்டித் தனி வடிவம் வைத்திருக்கிறார்கள். எண் மாறும். கேஸ் ஷீட்டைப் படிக்கிற பழக்கம் மாறாது. உங்கள் இடத்தில் எது நடைமுறையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவச் சொற்களுக்குப் பயப்படாதீர்கள், அவை ஒட்டுப்போட்ட சொற்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்தது. அப்பெண்டிசைட்டிஸ், அப்பெண்டெக்டமி என்று நாலு சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் மட்டும் இரண்டு முறை பாருங்கள், சர்க்கரை ஏறியதும் இறங்கியதும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. சுருக்கெழுத்துகள்தான் நிஜமான கண்ணிவெடி. எம்எஸ் என்று எழுதியிருந்தால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியதாகவும் இருக்கலாம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயாகவும் இருக்கலாம், மார்ஃபின் சல்ஃபேட் மருந்தாகவும் இருக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது: இந்தத் தாள் யாருடையது? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே வயதுள்ள இரண்டு பேரில் ஒருவருடைய ரத்தப் பரிசோதனை அறிக்கையை மற்றவர் ஃபைலில் சொருகிவிட்டேன். மூத்தவர் ஒருவர் அன்று மாலையே பிடித்துவிட்டார், திட்டவில்லை, பதிவு எண்ணைக் காட்டி "இதைப் பார்த்தாயா" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் எண், பெயர், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிடாமல் என் கை நகராது. கட்டில் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணவே காணாதீர்கள், கட்டிலில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண் கொடுத்துவிட்டால், முதல் எண்ணில் 'பென்சிலின் ஒவ்வாது' என்று எழுதியது இரண்டாவதைத் திறக்கும் டாக்டர் கண்ணில் படாது. இரண்டு ஆட்கள் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் அது இன்னும் மோசம், ஒருவருடைய நோய் இன்னொருவர் தலையில் ஏறிவிடும், பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

காகித ஃபைல் இருக்கிற இடமென்றால் எண்ணைக் கடைசியிலிருந்து படிக்கும் முறையைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். 48-27-63 என்றால் முதலில் 63ஆம் பகுதிக்குப் போய், அதில் 27, அதற்குள் 48. விசித்திரமாகத் தெரியும், ஆனால் நேர் வரிசையில் அடுக்கினால் புது ஃபைல் எல்லாம் கடைசி அலமாரியிலேயே குவியும், எல்லோரும் அங்கேயே இடித்துக்கொண்டு நிற்பார்கள். இப்படி அடுக்கினால் 00 முதல் 99 வரை நூறு பகுதிக்கும் சமமாகப் பரவிவிடும்.

கணக்கிலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தங்கிய நாளை எண்ணும்போது சேர்ந்த நாள் உண்டு, டிஸ்சார்ஜ் நாள் கிடையாது. 3ஆம் தேதி சேர்ந்து 7ஆம் தேதி போனால் 4 நாள். அன்றே சேர்ந்து அன்றே போனால் 1 நாள். மூன்று பேர் 2, 3, 16 நாள் தங்கினால் சராசரி 7, ஆனால் யாருமே 7 நாள் தங்கவில்லை, கவனித்தீர்களா? அறிக்கை கொடுக்கும்போது அந்த 16ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹெச்எல்7, டைகாம், லாயிங்க் என்று பெயர்களைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எல்லாம் மருத்துவத் தகவலை ஒரே மாதிரி வைப்பதற்கான பொது விதிமுறைகள்தான். டைகாம் ஸ்கேன் படங்களுக்கு, லாயிங்க் பரிசோதனைகளின் பெயர்களுக்கு, ஹெச்எல்7 ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போவதற்கு. முதல் ஆறு மாதத்துக்கு இவ்வளவு போதும்.

தெரிந்தவர் அட்மிட் ஆகியிருக்கிறார், என்னவென்று பார்ப்போமே என்று மட்டும் எந்தப் பதிவையும் திறக்காதீர்கள். யார், எப்போது திறந்தார் என்பதும் பதிவாகிறது.

கடைசியாக, கம்ப்யூட்டர் கோட் போடுவது பற்றி. போடுகிறது, உண்மைதான், எழுதியிருப்பதைப் படித்து எஸ்52 என்று பரிந்துரைக்கும், சில நேரம் நம்மைவிட வேகமாக. ஆனால் படியில் விழுந்தார் என்று எங்கேயுமே எழுதாமல் விட்டிருந்தால் அதற்கும் தெரியாது. அப்போது ஒருவர் எழுந்துபோய் டாக்டரிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத் தெரிந்தவருக்கு இன்னும் நிறைய நாள் வேலை இருக்கிறது. நீங்கள் இந்த வாரம் பத்து கேஸ் ஷீட் படியுங்கள், ஒவ்வொன்றிலும் எது விடுபட்டிருக்கிறது என்று எழுதி வையுங்கள், அப்புறம் அந்தப் புத்தகத்தைத் திறக்கலாம்.