கல்லூரிக் கணக்குக்குக் கட்டுப்படியாகும் கிராஃபிங் கால்குலேட்டர் எது?

அடுத்த கேள்வி: "கால்குலஸ் வகுப்புக்கு கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் என்கிறார்கள். கையில் காசு குறைவு. எதை வாங்கலாம்?"

முதல் வகுப்பு முடியும்வரை எதையும் வாங்காதீர்கள். ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: தேர்வில் சிஏஎஸ் மாடலை விடுவார்களா? சிஏஎஸ் இருந்தால் கால்குலேட்டர் எழுத்தை வைத்தே இயற்கணிதம் போடும்; எக்ஸ் ஸ்கொயரின் வகைக்கெழு கேட்டால் 2எக்ஸ் என்றே காட்டிவிடும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் டிஐ-89, ஹெச்பி பிரைம் எல்லாம் இந்த ரகம். பல இடங்களில் தேர்வறைக்குள் இவற்றை விடமாட்டார்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கிவிட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவானேன்?

சிஏஎஸ் கூடாது என்றால் வேலை சுலபம். புதிதாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது காசியோ 9750 வரிசை. திரையில் வண்ணம் கிடையாது. ஆனால் வரைபடம், மேட்ரிக்ஸ், புள்ளியியல், வரையறுத்த தொகையீடு எல்லாம் உண்டு. ஒரே சிக்கல், ஆசிரியர் டிஐ-84 வைத்து "இந்த பட்டனை அழுத்துங்கள்" என்று நடத்தினால், அதே மெனுவை காசியோவில் நீங்களே தேடவேண்டும்.

அந்தத் தேடல் வேண்டாம் என்றால் பழைய டிஐ-84 பிளஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பாருங்கள். 2004இல் வந்த மாடல்தான், இருந்தாலும் முதலாண்டு கால்குலஸுக்குத் தாராளம். 1999இல் வந்த டிஐ-83 பிளஸ் கிடைத்தாலும் சரி, பட்டன்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். புதிய டிஐ-84 பிளஸ் சிஇ மாடலில் வண்ணத் திரை, சார்ஜ் செய்யும் பேட்டரி. பார்க்க அழகுதான், அதற்காக அவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனம் வராது.

பழையதை வாங்கும்போது பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள். டிரிபிள் ஏ பேட்டரி நான்கு இருக்கும். கம்பிச்சுருளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். அப்புறம் செகண்ட் பட்டனைத் தட்டிவிட்டு மேல் அம்புக்குறியை அழுத்திப் பிடியுங்கள். திரை முழுக்கக் கறுக்கவேண்டும். நடுவில் வெள்ளைக் கோடு நின்றால் திரை போய்க்கொண்டிருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பட்டன் எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், குறிப்பாக என்டர். மஞ்சள் உடலோடு வருவது பள்ளிகளுக்கென்றே செய்தது. அதில் பள்ளியின் பெயர் செதுக்கியிருந்தால், விற்பவருக்கு அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

வாங்கியதும் மோட் பக்கத்தில் ரேடியன் இருக்கிறதா பாருங்கள். டிகிரியில் இருந்தால் சைன் வரைபடம் தட்டையான கோடு மாதிரி வரும், கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, சில கல்லூரி நூலகங்களில் பருவம் முழுவதற்கும் கால்குலேட்டரை இரவலாகத் தருகிறார்கள். வாங்கும் முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் பயிற்சிக்கு டெஸ்மோஸ் என்ற இணைய கிராஃபிங் கால்குலேட்டர் இலவசம், அது போதும்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.