நோய்க்கு முன் வந்து சேர்ந்த ஆராய்ச்சி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இலங்கை மலையகத்தின் ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கங்களில் நாட்கணக்கில் வெயிலைக் காண முடியாது. பனிமூட்டம் காலை பத்து மணியாகியும் கலையாது. கொழுந்து எடுக்கும் பெண்களின் இடுப்பில் கட்டிய படங்கு மாலைவரை ஈரமாகவே இருக்கும். அப்படியொரு வாரத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இளம் இலையில் எண்ணெய் தெறித்தாற்போல ஒளி ஊடுருவும் சிறு வட்டம் ஒன்று தெரியலாம். சில நாட்களில் அந்த வட்டத்தின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் கொப்புளமாகப் புடைத்து, அதன்மேல் வெல்வெட்டுத் துணிபோல் வெண்மை படரும். அந்த வெண்மை முழுவதும் நோயின் வித்துகள். ஈர இலையில் விழுந்தால் அவை முளைத்துவிடும். வெயில் பட்டால் மடிந்துவிடும்.

கொழுந்து எடுத்த ஒரு தாயின் பிள்ளை நான். இந்தக் கொப்புளத்தை முதன்முதலில் எனக்குக் காட்டியவர் அவர்தான். பின்னர் விவசாயப் போதனாசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, அதன் விஞ்ஞானப் பெயரையும் வாழ்க்கை வட்டத்தையும் படித்தேன். இன்று உங்களோடு பேச விரும்புவது, நம் மலைகளின் பயிர்களைக் காப்பதில் அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் என்ன செய்திருக்கின்றன, அவை எப்போது பயன்பட்டன, எப்போது பயன்படாமற்போயின என்பதைப் பற்றி.

இந்தக் கதை கோப்பியில் தொடங்குகிறது. இன்று தேயிலை நிற்கும் சரிவுகளில் ஒரு காலத்தில் கோப்பி நின்றது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த நம் முன்னோரின் முதல் தலைமுறை வெட்டித் திருத்தியது கோப்பித் தோட்டங்களைத்தான். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி தென்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பங்கசு, அதாவது பூஞ்சண, ஆய்வாளர் பெர்க்லி அதே ஆண்டில் அதைப் புதிய பங்கசு என்று இனங்கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அந்தப் பெயரின் பிற்பாதிக்கு 'நாசம் செய்வது' என்று பொருள். பெயர் வைத்தபோதே எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நோய் பரவிக்கொண்டிருந்தபோதே புதிய காடுகள் வெட்டப்பட்டன. 1870களின் இறுதியில் கோப்பி சுமார் 275,000 ஏக்கரில் நின்றது.

அந்த நோயை ஆராய்வதற்கென்று ஒரு விஞ்ஞானி வந்து சேர்ந்தது 1880இல். ஹரி மார்ஷல் வார்ட் என்னும் அந்த இளைஞர் இரண்டு ஆண்டுகள் இங்கே தங்கி, கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் நோய் வித்துகளைப் பிடித்து உருப்பெருக்கியின் கீழ் பார்த்தார். இலையில் தங்கும் நீரில் வித்து முளைத்து எவ்வழியாக உள்ளே நுழைகிறது என்பதைக் கண்டார். இடைவெளியே இல்லாமல் மலைக்கு மலை ஒரே பயிரை நட்டிருப்பதால் நோய்க்குத் தடையே இல்லாமற்போனது என்றும் எடுத்துச் சொன்னார். அவர் சொன்னவை சரியானவை. எனினும் நோய் வந்து பதினோரு ஆண்டுகள் கழிந்திருந்தன; கோப்பியைக் காப்பாற்றும் காலம் கடந்துபோயிருந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலைதான் பின்னர் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. தோட்ட முதலாளிமாருக்குப் பயிர் மாறியது. கோப்பியை நம்பி வந்த தொழிலாளருக்கோ அந்த இடைக்காலம் வேலையில்லாத, கூலியில்லாத காலம். பயிர் நோயின் வரலாற்றை எழுதுபவர்கள் அந்தப் பட்டினியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி கொப்புள நோய்க்கு வருவோம். 1868 முதலே அசாமில் அறியப்பட்டிருந்த இந்த நோய், 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. பறிக்கப்படும் இளங்கொழுந்தையே தாக்கும் நோய் இது. கவ்வாத்து வெட்டியபின் புதிதாகத் துளிர்க்கும் செடியை இன்னும் கடுமையாகத் தாக்கும். கோப்பிக்கு நேர்ந்தது தேயிலைக்கும் நேரும் என்று பலர் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் இம்முறை ஒன்று மாறியிருந்தது. 1925இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. நோய் வந்தபோது அங்கே ஆய்வுக்கூடமும் இருந்தது. சோதனைக்கென்று தேயிலை மலையும் இருந்தது. தேயிலைச் செடியின் இயல்பை ஆண்டாண்டாகக் குறித்துவைத்த ஏடுகளும் இருந்தன. யாரையும் கப்பலில் வரவழைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே செம்பு கலந்த பங்கசுநாசினியை எந்த அளவில், எத்தனை நாளுக்கொருமுறை அடிப்பது என்பதை இங்குள்ள மழையிலும் பனியிலும் வைத்தே சோதித்துப் பார்க்க முடிந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பின்னர் செய்யப்பட்ட இன்னொரு வேலை. நோயின் பெருக்கத்துக்கும் அன்றாட வெயில் நேரத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் நாள்தோறும் கணக்கெடுத்து வந்தார்கள். போதிய வெயில் அடித்த நாட்களில் மருந்து அடிக்கத் தேவையில்லை என்று அந்தக் கணக்கைக் கொண்டு சொல்ல முடிந்தது. 'அடியுங்கள்' என்று சொல்ல எவராலும் முடியும். 'இந்த வாரம் அடிக்க வேண்டாம்' என்று பொறுப்போடு சொல்வதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டும். மழைக்காலத்துக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விடுவதும், கொழுந்து எடுக்கும் நாள் இடைவெளியைக் கூட்டிவிடாமல் கொப்புளம் வெடித்து வித்தாகும் முன்னரே இலையைப் பறித்துவிடுவதும் அதே அறிவிலிருந்து வந்த வழிகள்.

இதைச் சொல்லும்போது, அறிவு வழிதவறிய ஓர் இடத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தேயிலையில் இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு புழு உண்டு. அதைக் கட்டுப்படுத்த 1930களின் நடுப்பகுதியில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டது. மக்ரோசென்ட்ரஸ் என்பது அதன் பெயர். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்து புழுவைத் தின்று வெளியே வரும். அந்தக் குளவி இங்கேயே நிலைத்துப் பெருகியது. புழுவின் தொல்லை பெருமளவு அடங்கியது. ஏழை விவசாயிக்கும் பெரிய தோட்டத்துக்கும் ஒரே விதமாக, கூலி கேட்காமல், வேலை செய்த காவல் அது. பின்னர், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்னும் பூச்சிநாசினி பரவலாக அடிக்கப்பட்டது. அந்த வண்டு இரண்டு மில்லிமீற்றர் நீளந்தான் இருக்கும். ஆனால் தண்டுக்குள் சுரங்கம் தோண்டி அங்கே தன் உணவுக்கான பங்கசை வளர்ப்பதால், கிளை வலுவிழந்து, கொழுந்து எடுக்கும்போது கை பட்டாலே முறிந்துவிடும். டீல்ட்ரின் வண்டை மட்டும் கொல்லவில்லை, குளவியையும் கொன்றது. அடங்கிக்கிடந்த இலைசுருட்டிப் புழு மலை மலையாகப் பெருகியது.

இத்தவற்றைக் கண்டுபிடித்து, பதிவு செய்து, அந்த மருந்தைக் கைவிடச் செய்தவர்களும் ஆராய்ச்சியாளர்களே. மருந்து விற்பவருக்குத் தன் மருந்தின் தீமையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பொதுப்பணத்தில் இயங்கும் நிலையத்துக்கு அந்தக் கட்டாயம் உண்டு. அரசு ஆராய்ச்சி எதற்கு என்று எவராவது கேட்டால், நான் முதலில் சொல்லுவது இந்தக் குளவியின் கதையைத்தான்.

இந்த வழி தேயிலைக்கு மட்டும் உரியதன்று. 2008இல் பப்பாசி மரங்களில் வெள்ளைப் பஞ்சுபோல் படிந்து காயையும் தளிரையும் உறிஞ்சிய ஒரு வெளிநாட்டுப் பூச்சி இலங்கையில் கண்டறியப்பட்டபோது, விவசாயத் திணைக்களம் மறு ஆண்டே அதற்குரிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விடுவித்தது.

நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும். இங்கே நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு விவசாயி வாடிய உருளைக்கிழங்குச் செடிகள் நான்கைந்தைக் கடதாசிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கீழிலைகள் மஞ்சளாகியிருந்தன, செடி வயதுக்கேற்ற உயரமில்லை. வேரில் ஒட்டியிருந்த மண்ணை மேசை அழுக்காகிவிடும் என்று நானே வெளியே உதறிவிட்டு, பசளை போதவில்லை என்று கூறி அனுப்பினேன். அடுத்த போகத்தில் அந்தத் தோட்டத்தின் பாதிச் செடிகள் அவ்வாறே நின்றன. அப்போது ஒரு மூத்த அதிகாரி வேரைக் கையில் ஏந்தி உருப்பெருக்கும் கண்ணாடியின் கீழ் எனக்குக் காட்டினார். நூல்போன்ற வேர்களில் குண்டூசித் தலையைவிடச் சிறிய பொன்னிற மணிகள் ஒட்டியிருந்தன. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன. ஒவ்வொரு மணியும் ஒரு பெண் வட்டப்புழுவின் வீங்கிய உடல். அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். செடி காய்ந்தபின் அவை பழுப்பாகி மண்ணில் உதிர்ந்து, உருளைக்கிழங்கு வேரின் வாசம் மறுபடி படும்வரை பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். நான் உதறிய மண்ணில் எத்தனை மணிகள் இருந்தனவோ தெரியாது. அந்த விவசாயியின் முகத்தை இன்றும் நான் மறக்கவில்லை.

இந்த வட்டப்புழு மருந்தால் எளிதில் ஒழிவதில்லை. பயிரை மாற்றி மாற்றி வைப்பது, எதிர்ப்புத்திறன் உள்ள இனங்களைத் தேடுவது, தொற்றுள்ள மண்ணிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகாமல் பார்ப்பது ஆகியவையே வழி. இவை மூன்றுக்கும் ஆராய்ச்சியும் சட்டமும் சேர்ந்து நிற்க வேண்டும். சீத்தா எலியவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் கன்னொறுவையில் உள்ள ஆய்வுக்கூடங்களும் அதற்காக இயங்குகின்றன. சட்டத்தின் பக்கத்தில், 1924ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் நம் வீட்டுப் பயணப்பைவரை வருகிறது. திருச்சிக்கோ மதுரைக்கோ உறவினரைப் பார்க்கப் போய்வருகிறவர்கள், ஒரு மல்லிகைப் பதியனையோ கறிவேப்பிலைக் கன்றையோ ஈரத்துணியில் சுற்றித் துணிமணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவதை நான் அறிவேன். அதில் உள்ள அன்பையும் அறிவேன். தாத்தா பிறந்த ஊரின் செடி நம் லயத்து வாசலில் பூக்க வேண்டும் என்ற ஆசை குறைவானதன்று. ஆனால் அந்தக் கன்றின் வேரிலுள்ள ஒரு பிடி மண்ணில் இந்த நாட்டில் இதுவரை இல்லாத ஒரு நோய் இருக்கலாம். அனுமதிப்பத்திரமும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் கேட்கப்படுவது அதற்காகத்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அந்தக் கன்றைப் பறித்துக்கொள்ளும் அதிகாரியை நாம் கடிந்துகொள்கிறோம். அவர் காப்பது நம் சொந்தக் கொல்லையைத்தான்.

கடைசியாக, என் மனத்தில் நெடுநாளாக உள்ள ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டத்து அலுவலகச் சுவரில் கொப்புள நோய் பற்றிய அறிவுறுத்தல் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கக் கண்டேன். அந்த அலுவலகத்துக்கு முன்னால் நூறு பெண்கள் தினமும் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் பதிவதற்கு, நின்றார்கள். அந்த மலையில் ஒவ்வொரு செடியையும் வாரத்துக்கு ஒருமுறை கையால் தொடுகிறவர்கள் அவர்கள். முதல் எண்ணெய்ப்புள்ளியை ஆய்வாளருக்கு முன்னரே காண்கிறவர்களும் அவர்கள். அவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட ஆராய்ச்சி பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்பேன். மொழியோடு நிறுவையும் இருக்கிறது. கிலோக் கணக்கில் கொழுந்து கேட்கப்படும்போது, நோய்ப்பட்ட இலையைத் தனியே கழிக்க ஒரு பெண்ணுக்கு ஏது நேரம்? அந்த நேரத்துக்குரிய கூலியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அறிவுரைதான் மலையில் நடைமுறைக்கு வரும். ஆய்வு நிலையங்களில் உள்ள நண்பர்களிடம் இதை நான் உரிமையோடு கேட்கிறேன்: கண்டுபிடிப்பைத் தமிழில் சொல்லுங்கள், பிரட்டுக்களத்தில் வந்து சொல்லுங்கள், அவர்கள் கண்டதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, உங்கள் தோட்டத்தில் காரணம் தெரியாமல் ஒரு செடி வாடினால், என்னைப்போல வேரை உதறிவிடாதீர்கள். மண்ணோடு தோண்டி எடுத்து, பையில் இட்டு இறுகக் கட்டி, அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். போக முடியாதவர்கள் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். தோண்டிய மண்வெட்டியை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும் முன் நன்றாகக் கழுவிவிடுங்கள். போட்டிருந்த சப்பாத்தையும் கழுவுங்கள்.

நன்றி. வணக்கம்.