ஊரைப் படிக்க ஒரு கோடை

(கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

சில பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடிக் கோடைப்பள்ளி நடத்தப் போகின்றன என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கடைசியில் என்ன வரைந்து காட்டப் போகிறீர்கள்?" பணம் தருகிறவர் கேட்கிறார், நகராட்சி கேட்கிறது, மாணவரின் பெற்றோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்லும் அவசரத்திலேயே பாதிக் கோடைப்பள்ளிகள் பாழாகின்றன என்பது என் கட்சி. முன்பின் அறியாத ஓர் ஊரை, முன்பின் அறியாத ஆட்களோடு சேர்ந்து உட்கார்ந்து படிப்பதற்குத்தான் அந்தச் சில வாரங்கள். நல்ல வரைபடம் ஒன்றும் சேர்ந்து கிடைத்தால் அதை உபரி வரவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இது புதிய யோசனை இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பேட்ரிக் கெடிஸ் 1887இலேயே கோடைக்கூட்டங்களைத் தொடங்கிவிட்டார். அவர் கட்டடக்கலை படித்தவர் அல்லர். உயிரியல் படித்துவிட்டு நகரங்களின் பக்கம் வந்தவர். மலைச்சரிவில் நின்ற ஒரு பழைய கட்டடம் 1892இல் அவர் கைக்கு வந்தது. அதன் உச்சியில் ஓர் இருட்டறை. கூரையில் பொருத்திய கண்ணாடியும் வில்லையும் வெளியே நடமாடும் நகரத்தை அப்படியே உள்ளே ஒரு மேசையின்மேல் விழச்செய்யும். வந்தவர்களைக் கெடிஸ் முதலில் அங்கேதான் ஏற்றுவார். பிறகு ஒவ்வொரு தளமாக இறக்குவார்: எடின்பரோவுக்கு ஒரு தளம், ஸ்காட்லாந்துக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, கடைசியில் உலகம். கண்ணெதிரே இருக்கும் தெருவை முதலில் பார்த்துவிட்டு உலகத்துக்கு இறங்க வேண்டும்! இன்றைய பாடத்திட்டங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. நோய்முதல் நாடாமல் மருந்து எழுதக்கூடாது என்பதை நகரத் திட்டத்துக்கும் விதியாக்கியவர் அவர்.

அதன்பின் நவீனக் கட்டடக்கலைஞர்களின் காலம் வந்தது. 1928இல் அவர்கள் கூட்டிய சர்வதேசப் பேரவை 1950களில் வெனிஸில் கோடைப்பள்ளி நடத்தியது. 1959இல் நெதர்லாந்தின் ஒட்டர்லோவில் கூடிய கூட்டத்தோடு அந்தப் பேரவையே முடிவுக்கு வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே சூத்திரம் என்ற போக்கைப் பொறுக்காத இளையவர்கள் அங்கே எதிர்த்துப் பேசினார்கள். அவர்களில் ஒருவர் இத்தாலியின் ஜியான்கார்லோ டி கார்லோ. 1976இல் அவர் உர்பினோவில் கட்டடக்கலைக்கும் நகர வடிவமைப்புக்குமான ஒரு சர்வதேச ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். சுருக்கமாக இலாவுட் என்பார்கள். பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் கோடைப்பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஏன் உர்பினோ? மதில் சூழ்ந்த சிறிய மலைநகரம் அது. டி கார்லோ 1950களிலிருந்தே அங்கே பல்கலைக்கழகத்துக்காக வேலை செய்தவர். நகரத்துக்கான பெருந்திட்டத்தை வகுத்தவர். அங்கே நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதிலுக்கு வெளியே மெர்க்கத்தாலே என்ற சந்தைத் திடல் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்செஸ்கோ டி ஜியோர்ஜியோ அந்தத் திடலுக்கு மேலே ஒரு கொத்தளத்துக்குள் சுருள்வடிவச் சாய்தளம் ஒன்றைக் கட்டினார். குதிரைகள் அதன் வழியாக அரண்மனைப் பக்கம் ஏறிப் போகும். பின்னாளில் அதன் தலைமேல் ஒரு நாடக அரங்கம் எழுந்தது. சாய்தளம் இடிபாடுகளால் தூர்ந்து போயிற்று. டி கார்லோ 1970களில் அதைத் தோண்டித் திறந்தார். இதைப் பழம்பொருளை மீட்ட கதையாக மட்டும் சொல்வது போதாது. திடலுக்கு இப்போது குதிரைகள் வருவதில்லை. பஸ்களும் கார்களும் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்கள் மேலே ஊருக்குள் போக வேண்டும். அதற்கான வழி ஐந்நூறு ஆண்டுகளாகச் சுவருக்குள்ளேயே இருந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் முன் அந்த இடத்தை அடிமட்டம் வரை படித்தவருக்குத்தான் அது கிடைத்தது.

இலாவுட் கோடையில் மட்டும் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பங்கேற்ற பல்கலைக்கழகங்கள் ஆண்டு முழுதும் தத்தம் இடத்தில் அதே பொருளைப் பற்றி வேலை செய்தன. கோடையில் ஓரிடத்தில் கூடி ஒன்றாகத் தங்கின. உர்பினோவுக்குப் பிறகு சியேனா, சான் மரினோ, வெனிஸ் என்று இடங்கள் மாறின. அங்கே புழங்கிய கருத்துகளில் இரண்டு எனக்கு நெருக்கமானவை. ஒன்று, இடத்தைப் படிப்பது. மற்றது, தயங்கித் தயங்கி வடிவமைப்பது. ஒரு யோசனையை அந்த இடத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இடம் எதை ஏற்கிறது, எதை உதறுகிறது என்று கவனிக்க வேண்டும். உதறிய யோசனையும் இடத்தைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகும். தேர்வுக்கூடத்தில் இதற்கு மதிப்பெண் போடுவது கடினம். கோடைப்பள்ளிக்கு அந்தத் தொல்லை குறைவு.

படிப்பது எப்படி என்பதற்கு ஒரே ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். 1748இல் ஜியாம்பத்திஸ்தா நொல்லி என்பவர் ரோம் நகரத்துக்குப் பன்னிரண்டு தாள்களில் ஒரு வரைபடம் வெளியிட்டார். கட்டடங்களை அழுத்தமாக நிழலிட்டார். தெருக்களையும் திடல்களையும் வெள்ளையாக விட்டார். இதுவரை புதுமை இல்லை. ஆனால் தேவாலயங்களின் உட்புறத்தையும் பாந்தியன் கோயிலின் வட்டக் கூடத்தையும் வெள்ளையாகவே விட்டார். மக்கள் புழங்கும் இடமெல்லாம், கூரை இருந்தாலும், தெருவின் தொடர்ச்சி என்றது அந்தப் படம். இதே முறையில் இன்றைய ஒரு வட்டாரத்தை வரையச் சொல்லிப் பாருங்கள், சண்டை வந்துவிடும். வங்கியின் முன்கூடம் வெள்ளையா கறுப்பா? காவலாளி நிற்கும் வணிக வளாகம்?

நான் வழிநடத்திய ஒரு குழுவில் இரண்டு தெருக்களை இணைக்கும் படிக்கட்டு ஒன்றால் வாக்குவாதம் முற்றியது. ஒரு மாணவர் அதை வெள்ளையாக விட்டிருந்தார், பொதுவழிதானே. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து அதே குழுவுக்கு வந்திருந்த மாணவி மறுநாள் காலை அதன்மேல் ட்ரேசிங் தாளைப் போட்டுக் கறுப்பாக நிரப்பி வைத்திருந்தார். "விளக்கு நடுவில் ஒன்றே ஒன்று. திருப்பத்துக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. ஏழு மணிக்கு மேல் எனக்கு இது சுவர்" என்றார். அளவுநாடாவோடு எல்லோரும் அங்கே போனோம். திருப்பத்தில் கைப்பிடிச் சுவர் ஆள் உயரத்துக்கு இருந்தது. அவர் சொன்னது சரி. அந்தக் குழு கடைசியில் இரண்டு வரைபடங்கள் கொடுத்தது, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. சுவரை இடுப்பளவுக்குக் குறைக்கலாம் என்பதுதான் அவர்களின் மொத்த வடிவமைப்பும். மதிப்பிட வந்த ஜூரியில் ஒருவருக்கு அது போதவில்லை. எனக்கு அது தாராளமாகப் போதும்.

இந்தச் சண்டை ஒரே வகுப்பில் படித்தவர்களுக்குள் வந்திருக்குமா என்றால், சந்தேகந்தான். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் எதைப் பார்க்காமல் விடுவது என்பதிலும் ஒத்துப்போய்விடுகிறார்கள். ஒரு பள்ளியில் வட்டாரமே ஒரு தாளில் அடங்கும் 1:1000 அளவில் தொடங்கி உள்ளே வருவார்கள். இன்னொன்றில் 1:20இல் கதவு நிலையை வரைந்துவிட்டு வெளியே போவார்கள். ஒரு கூட்டம் மேலிருந்து பார்க்கும் பிளானை வைத்துத்தான் யோசிக்கும், இன்னொன்று கட்டடத்தை நெடுக வெட்டிக் காட்டும் செக்ஷன் இல்லாமல் வாய் திறக்காது. இவர்களை ஒரு மேசையில் உட்கார வைத்தால் முதல் சில நாள் எரிச்சல்தான் மிஞ்சும். அந்த எரிச்சலுக்காகத்தான் இத்தனை செலவு செய்கிறோம்.

நிர்வாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 2021 முதல் எராஸ்மஸ் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் இதற்கென ஒரு கலப்புமுறை இருக்கிறது: குறைந்தது மூன்று நாடுகளின் மூன்று உயர்கல்வி நிறுவனங்கள் சேர வேண்டும், நேரில் கூடுவது 5 முதல் 30 நாள், கொஞ்சம் இணையவழி வேலை, குறைந்தது 3 கிரெடிட். விதிகள் நல்லவைதான். ஆனால் ஐந்து நாளில் ஓர் ஊரைப் படித்துவிட முடியும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. இன்னொரு குறையும் இருக்கிறது: கோடையில் வேலைக்குப் போய்த்தான் அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிலையில் இருக்கும் மாணவர் இதில் சேரவே முடியாது. உதவித்தொகை இல்லாத கோடைப்பள்ளியில் வசதியானவர்களின் கண்கள் மட்டுமே ஊரைப் படிக்கும்.

ஊர்க்காரர்களுக்கு வருகிறேன். ஒரு நிறைவுநாள் கண்காட்சியில் நான் பார்த்தது இது. பழைய தொழிற்பட்டறைகள் இருந்த ஒரு வட்டாரத்தைப் பசுமைப் பூங்காவாக்கிக் கணினியில் பளபளக்க வரைந்து மாட்டியிருந்தார்கள். அங்கே பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்து நெடுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. "இவை என்ன மரங்கள்?" என்று மட்டும் கேட்டார். எவருக்கும் தெரியவில்லை. மென்பொருளில் இருந்த மரங்கள் அவை. அந்த மாணவர்கள் அவரை முன்பு சந்தித்ததும் இல்லை. டி கார்லோ தெர்னி நகரில் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டியபோது அங்கே குடியேறப் போகிறவர்களை உட்கார வைத்துப் பேசிப் பேசித்தான் வடிவத்தை முடிவு செய்தார். 1970களின் தொடக்கத்தில் நடந்தது அது. இன்றைக்கு அது இன்னும் சுலபமாகியிருக்க வேண்டும்.

ஆகவே இங்கே திட்டமிட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களிடம் சில வேண்டுகோள்கள். ஆண்டுக்கு ஓர் ஊர் என்று தாவாதீர்கள். ஒரே ஊருக்கு மூன்று கோடைகளாவது போங்கள். அளந்த தாள்களின் ஒரு பிரதியை நகராட்சியிடமும் ஒன்றை ஊர் நூலகத்திலும் விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் யோசனைகள் மறந்துபோன பிறகும் அந்த அளவுகள் யாருக்காவது பயன்படும். முதல் வாரம் கணினி வேண்டாம். ஊர்க்காரர்களை நிறைவுநாளுக்கு அழைப்பதை விட்டுவிட்டு நான்காம் நாளே அழையுங்கள். சுவரில் அரைகுறைத் தாள்கள்தான் இருக்கும், இருக்கட்டும். பேனாவையும் அவர்கள் கையில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. வாசலில் ஒட்டியிருக்கும் குழுப் பட்டியலை வரும்போது பார்த்தேன். மூன்றாம் குழுவில் நால்வரும் ஒரே பல்கலைக்கழகம், அதிலும் ஒரே வகுப்பு. தேநீர் இடைவேளைக்குள் அதை மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.